பேராசைக் கதைகள்: வாத்து, நாய், நரி, கொக்கு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் பகுதி நூலகத்து மாடியில் குழந்தைகளுக்குக் கதை சொல்லி வருகிறேன். மற்ற கதைகளுக்கு யாரும் அதிகம் கேட்பதில்லை. பேராசைக் கதை சொன்ன வாரம் மட்டும் கேள்விகள் வந்துகொண்டே இருக்கும், குழந்தைகளிடமிருந்து அங்கேயே, பெற்றோரிடமிருந்து படி இறங்கும்போதோ ராத்திரி வாட்ஸ்அப்பிலோ. ஒரே சந்தேகத்துக்கு நாலாவது முறை பதில் தட்டியபோதுதான் எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளை, கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

பேராசைக் கதைன்னா எதெல்லாம்? எனக்கு வாத்துக் கதை ஒண்ணுதான் தெரியும்.

மற்றதும் தெரிந்திருக்கும், சட்டென்று ஞாபகம் வராது, அவ்வளவுதான். வாயில் கறித்துண்டோடு போன நாய் தண்ணீரில் தன் நிழலைப் பார்த்து, அந்தத் துண்டும் வேண்டும் என்று வாயைத் திறந்து இருந்ததையும் விட்ட கதை. தினம் ஒரு பொன் முட்டை இட்ட வாத்தை, மொத்தத்தையும் எடுத்துவிடலாம் என்று வெட்டிய கதை. இரண்டும் பழைய கிரேக்கக் கதைசொல்லி ஈசாப் பெயரில் வருபவை. நம் பக்கம் சமஸ்கிருதக் கதைத் தொகுப்புகளான பஞ்சதந்திரத்திலும் இதோபதேசத்திலும் வில் நாணைக் கடித்துச் செத்த நரி, பொற்காசு தந்த பாம்பு, தங்கக் காப்பைக் காட்டிக் கூப்பிட்ட கிழட்டுப் புலி. பௌத்த ஜாதகக் கதைகளில், அதாவது புத்தரின் முற்பிறவிக் கதைகளில், பொன்னிறகு அன்னமும் யானைக்குள் மாட்டிக்கொண்ட நரியும். ஒவ்வொன்றாகக் கீழே வரும்.

பாட்டி வடை சுட்ட கதையும் இதுல சேருமா?

என்னைக் கேட்டால் சேராது. காக்கை விழுந்தது புகழ்ச்சிக்கு. அதற்கு வடை வேண்டியிருந்தது உண்மைதான், ஆனால் வடை போனதற்குக் காரணம் பாட்டு. ஜாதகத்தில் இதற்கு ஒரு வேடிக்கையான சொந்தக்காரக் கதை இருக்கிறது: நாவல் மரத்தில் காக்கை, கீழே நரி. நரி காக்கையின் குரலைப் புகழ, காக்கை பதிலுக்கு நரியின் அழகைப் புகழ்ந்து கிளையை உலுக்கிப் பழம் கொட்ட, இந்த இரண்டு பொய்களையும் கேட்கச் சகிக்காமல் மரத்துத் தேவதை இரண்டையும் விரட்டிவிடும். புகழ்ச்சிக் கதைகளைத் தனியாக ஒருநாள் பார்க்கலாம்.

பொன் முட்டை போட்டது வாத்தா, கோழியா? புத்தகத்துக்குப் புத்தகம் மாறுதே.

இரண்டும் சரி. கிரேக்க மொழியில் பாப்ரியஸ் செய்யுளாகப் பாடியதில் கோழி. லத்தீனில் அவியானஸ் எழுதியபோது பெருவாத்து (ஆங்கிலத்தில் goose). பிரெஞ்சில் லா ஃபோன்தேன் மறுபடி கோழிக்கே திரும்பினார். 1484இல் கேக்ஸ்டன் ஆங்கிலத்தில் அச்சிட்டதில் பெருவாத்து, ஆங்கிலத்தில் அதுவே நிலைத்துவிட்டது. நமக்கு ஆங்கிலப் பாடப்புத்தகம் வழியாகத்தான் வாத்தாக வந்திருக்கும் என்று நினைக்கிறேன். கோழி வளர்க்கிற வீட்டுக் குழந்தைகளுக்குக் கோழி என்றே சொல்லுங்கள். ஏன் என்பது அடுத்த பதிலில் தெரியும்.

வயித்துக்குள்ள நிறைய முட்டை இருக்கும்னு நினைச்சவன் அவ்ளோ முட்டாளா அங்கிள்?

இதைக் கேட்டது பத்து வயதுப் பையன். அதுவரை நானும் அவனை முட்டாள் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் முட்டையிடுகிற நாட்டுக்கோழியை அறுக்கும்போது பக்கத்தில் நின்றிருந்தால் தெரியும்: உள்ளே சின்னதும் பெரியதுமாக மஞ்சள் கருக்கள் கொத்தாக இருக்கும், நாளைக்கு வர வேண்டியது பெரிதாக, அதற்கடுத்தது கொஞ்சம் சிறிதாக, கடைசியில் கடுகளவு. அதைக் குழம்பில் போட்டால் எங்கள் வீட்டில் சண்டையே நடக்கும். ஆக, அவன் நினைப்புக்கு ஆதாரம் இருந்தது. உள்ளே இருப்பது முட்டை ஆவதற்கு முந்தைய நிலை, ஓடும் வெள்ளையும் சேர்ந்து ஒரு முட்டை முழுசாவதற்கு ஏறக்குறைய ஒரு நாள் பிடிக்கும் என்பதை அவன் யோசிக்கவில்லை. கோழியின் நாட்களைச் சரக்கு என்று நினைத்துவிட்டான்.

இதையே பஞ்சதந்திரம் இன்னும் ஆழமாகச் சொல்கிறது. ஒருவர் தன் வயலில் இருந்த புற்றுக்குத் தினம் பால் வைப்பார், கிண்ணத்தில் ஒரு பொற்காசு கிடக்கும். அவர் வெளியூர் போன நாளில் மகன் பால் வைத்தான், காசைப் பார்த்தான், புற்று முழுக்கப் பொன்தான் என்று முடிவு செய்து பாம்பைத் தடியால் அடித்தான். பாம்பு சாகவில்லை, கடித்துவிட்டது, அவன்தான் செத்தான். அப்பா திரும்பிவந்து மறுபடி பால் கொண்டுபோகிறார். அடியை நான் எப்படி மறப்பேன், பிள்ளை போன துக்கத்தை நீ எப்படி மறப்பாய், இனி வராதே என்று பாம்பு சொல்லிவிடுகிறது. வாத்துக் கதையில் போனது முட்டை மட்டும். இதில் மகனும் போனான், அந்த உறவும் போனது. பெரியவர்கள் கூட்டத்தில் வாத்தை விட்டுவிட்டு இதைத்தான் சொல்வேன்.

நாய் நிஜமாவே தண்ணியில நிழலைப் பார்த்து ஏமாறுமா?

தன்னைத்தான் பார்க்கிறோம் என்று நாய்க்குத் தெரியாது என்பது வரை உண்மை. 1970இல் கேலப் என்ற ஆய்வாளர் சிம்பன்சிகளுக்குக் கண்ணாடி காட்டி, முகத்தில் சாயம் தடவி, அவை தங்களைத் தாங்களே அடையாளம் காண்கின்றனவா என்று பார்த்தார். சிம்பன்சி தேறியது. நாய்களை வைத்துப் பார்த்தபோது அவை அந்தச் சோதனையில் தேறவில்லை. ஆனால் கதையில் ஒரு ஓட்டை இருக்கிறது. லத்தீனில் பீட்ரஸ் எழுதிய வடிவில் நாய் ஆற்றில் நீந்திப் போகிறது. நீந்துகிற நாய்க்கு முன்னால் தண்ணீர் கலங்கிக்கொண்டே இருக்கும், அதில் எங்கே நிழல் தெரியும்? பாலத்தின் மேல் நிற்க வைத்துச் சொல்வதுதான் பொருந்துகிறது.

இன்னொரு விஷயம். அந்த நாய் பார்த்தது வேறொரு நாயை. ஆக அது கூடுதலாக ஒன்று வேண்டும் என்று கேட்கவில்லை, அடுத்தவன் வாயிலிருப்பதைப் பிடுங்கப் போனது. திருவள்ளுவர் இதற்கென்றே வெஃகாமை என்று ஓர் அதிகாரம் வைத்திருக்கிறார், பிறர் பொருளுக்கு ஆசைப்படாமை. கைமுதலை விட்டது என்ற பக்கத்துக்கு வேறொரு குறள்: "ஆக்கம் கருதி முதலிழக்கும் செய்வினை ஊக்கார் அறிவுடை யார்." வரப்போகும் லாபத்தை நினைத்து இருக்கும் முதலையும் இழக்கிற வேலையில் அறிவுள்ளவர் இறங்கமாட்டார். இது 463ஆம் குறள், தெரிந்துசெயல்வகையில் வருகிறது. வள்ளுவர் இதை ஆசை என்ற கணக்கில் வைக்காமல், யோசித்துச் செய்வது என்ற கணக்கில் வைத்தது எனக்குப் பிடிக்கும்.

நாய்க்கு ரொம்பப் பசிச்சிருந்தா? பசிச்சவன் இன்னொண்ணு கேட்டா பேராசையா?

ஏழு வயதுப் பெண் கேட்டாள். பசித்திருந்தால் அந்த நாய் முதல் துண்டை அங்கேயே தின்றிருக்கும், வாயில் வைத்துக்கொண்டு ஊர் சுற்றியிருக்காது என்று சொன்னேன். சமாளிப்புப் பதில் மாதிரி தெரியும், ஆனால் யோசித்தால் சரியாகத்தான் இருக்கிறது. இந்தக் கதைகளில் மாட்டிக்கொள்பவர் யாரிடமாவது அன்றைக்குத் தேவையானது இல்லாமல் இருந்ததா என்று பாருங்கள். பசித்து எடுத்தவனைத் தண்டிக்கிற கதை இந்தக் கூட்டத்தில் எனக்குத் தட்டுப்படவில்லை.

அப்ப ஆசையே படக்கூடாதா? எங்க பையன் இதைச் சொல்லி டியூஷன் போக மாட்டேங்கிறான்.

பையன் கெட்டிக்காரன். பஞ்சதந்திரம் அப்படிச் சொல்லவே இல்லை. ஐந்தாம் பகுதியில் விலங்கில்லாத ஒரு கதை வருகிறது: நாலு ஏழைகள், ஆளுக்கொரு மந்திரத் திரி, அது கையிலிருந்து விழும் இடத்தில் தோண்டினால் புதையல். ஒருவனுக்குச் செம்பு, அடுத்தவனுக்கு வெள்ளி, மூன்றாமவனுக்குத் தங்கம். ஒவ்வொருவனும் கிடைத்ததை எடுத்துக்கொண்டு நின்றுவிட, நாலாமவன் இனி ரத்தினம்தான் என்று மேலே போய், தலையில் சக்கரம் சுழலும் ஒருவனைப் பார்த்துப் பேச்சுக் கொடுக்கிறான், சக்கரம் இவன் தலைக்கு மாறிவிடுகிறது. அங்கே வரும் சுலோகத்தின் பொருள் இது: அதிக ஆசை வேண்டாம், ஆசையை அடியோடு விட்டுவிடவும் வேண்டாம். செம்போடு நின்றவனும் வீட்டை விட்டுக் கிளம்பினவன்தான். டியூஷனுக்குப் போகச் சொல்லுங்கள்.

வில் நாண் கடிச்ச நரி கதை எனக்குப் புரியவே இல்லை. அது சிக்கனமாத்தானே இருந்துச்சு?

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி, கேட்டவர் ஓய்வு பெற்ற வங்கி ஊழியர். கதை இதோபதேசத்தில் இப்படி: வேடன் ஒருவன் மானை அடித்துத் தூக்கி வரும்போது பன்றியைப் பார்த்து அம்பு விட்டான். பன்றி சாகும் முன் அவனைக் குத்திக் கொன்றது, அவர்கள் விழுந்த இடத்தில் ஒரு பாம்பும் நசுங்கிச் செத்தது. அந்தப் பக்கம் வந்த நரி உட்கார்ந்து கணக்குப் போட்டது. மனிதன் ஒரு மாதத்துக்கு ஆகும். மானும் பன்றியும் இரண்டு மாதம். பாம்பு ஒரு நாள். அப்போ இன்றைக்கு? வில்லில் கட்டிய நரம்பு நாணைத் தின்றுகொள்வோம். இழுத்துக் கட்டியிருந்த நாண் அறுந்து, வில்முனை அதன் நெஞ்சில் பாய்ந்தது.

ஆமாம், நரி அதிகமாகக் கேட்கவே இல்லை. கைக்கு வந்ததில் கையே வைக்கவில்லை. கஞ்சத்தனத்தையும் பேராசையின் ஒரு வகையாக அந்தக் காலத்தில் பார்த்திருக்கிறார்கள், சமஸ்கிருதத்தில் லோபம் என்ற ஒரே சொல் இரண்டுக்கும் வரும், தமிழில்கூட உலோபி என்றால் கஞ்சன்தான். கதையோடு வரும் அறிவுரையும் சேர்க்காதே என்று சொல்லவில்லை, எப்போதும் சேர்த்து வை, அளவுக்கு மீறிச் சேர்க்காதே என்கிறது. மூன்று மாதச் சாப்பாடு எதிரில் கிடக்க, முதல் நாளே தோலையும் நரம்பையும் மென்ற நரி. வங்கிக்காரர் இதைக் கேட்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார், அப்புறம் தன் அண்ணனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார், அது இங்கே வேண்டாம்.

ஔவையார் கொக்கைப் புகழ்றாங்க, பழமொழி கொக்கைத் திட்டுது. எது சரி?

மூதுரையில் "ஓடுமீன் ஓட உறுமீன் வருமளவும் வாடி யிருக்குமாம் கொக்கு" என்று வருகிறது. சின்ன மீன்களை விட்டுவிட்டுத் தகுந்த மீனுக்குக் காத்திருக்கும் கொக்கு. பழமொழியில், கடல் வற்றினால் கருவாடு தின்னலாம் என்று உடல் வற்றிச் செத்தது இன்னொரு கொக்கு. மூன்றாவதாக லா ஃபோன்தேனின் நாரை: கரையோரம் நல்ல மீன் இருந்தபோது இன்னும் பசிக்கட்டும் என்றது, அப்புறம் வந்த மீன்களை எனக்கு இதுவா என்று ஒதுக்கியது, கடைசியில் மீனே இல்லாமல் ஒரு நத்தையோடு திருப்திப்பட்டது.

மூன்று பறவையும் செய்வது ஒரே வேலை, காத்திருப்பது. ஔவையார் கொக்கு நிற்பது மடைத்தலையில், தண்ணீர் பாயும் வாய், அங்கே உறுமீன் நிச்சயம் வரும், அதற்கு அது தெரியும். கடல் கொக்கு நடக்காத ஒன்றுக்குக் காத்திருந்தது. நாரைக்குக் கர்வம். இன்னொன்றும் சொல்ல வேண்டும், மூதுரைப் பாட்டே பேராசை பற்றியது இல்லை. அடங்கி இருப்பவரை ஏமாளி என்று நினைத்துவிடாதே என்பதற்குத்தான் கொக்கு உவமையாக வருகிறது. நாம் பாதிப் பாட்டை எடுத்துச் சம்பள உயர்வுக்குப் பயன்படுத்துகிறோம்.

ஈசாப் நம்ம பஞ்சதந்திரத்தைக் காப்பி அடிச்சாரா?

அப்படிச் சொல்ல முடியாது. கிறிஸ்துவுக்கு முன் 5ஆம் நூற்றாண்டு கிரேக்கத் தத்துவஞானி டெமோக்ரிடஸ் பெயரில் வரும் ஒரு வாசகத்திலேயே ஈசாப்பின் நாய் இருக்கிறது, அதிகம் கேட்டால் இருப்பதும் போகும் என்று. நாய்க் கதையின் உறவுக் கதை பஞ்சதந்திரத்தில் வேறு மாதிரி வருகிறது: வாயில் இறைச்சியோடு போன நரி, கரையில் கிடந்த மீனைப் பார்த்து இறைச்சியைக் கீழே போட்டு ஓட, மீன் தண்ணீருக்குள் துள்ளிவிட, இறைச்சியைக் கழுகு தூக்கிப் போய்விடும். ஜாதகத்தில் இதே காட்சியை ஒரு பெண்ணுக்குப் புத்தி சொல்வதற்காக நரி வேஷம் போட்ட இந்திரன் நடித்துக் காட்டுகிறான்!

கதைகள் இரண்டு திசையிலும் நடந்திருக்கின்றன. பஞ்சதந்திரம் 6ஆம் நூற்றாண்டில் பாரசீகத்துக்கும், 8ஆம் நூற்றாண்டில் இப்னு அல்முகஃபா வழியாக அரபிக்கும், அங்கிருந்து ஐரோப்பாவுக்கும் போனது. லா ஃபோன்தேன் 1678இல் தன் இரண்டாம் தொகுப்பில் இந்திய ஞானி பில்பாய்க்குக் கடன்பட்டிருப்பதாக எழுதினார், இந்தக் கதைகளைச் சொன்னவர் என்று ஐரோப்பாவில் வழங்கிய பெயர் அது. தமிழ் உரைநடைக்கு 1826இல்தான் வந்தது, தாண்டவராய முதலியார் மராத்தியிலிருந்து மொழிபெயர்த்தார். பாரிசுக்குப் போன பிறகு சென்னைக்கு!

நரி பாவம். நிஜமா மிருகங்களுக்குப் பேராசை உண்டா?

கோழிக்கூண்டுக்குள் புகுந்த நரி எல்லாக் கோழியையும் கடித்துப் போடும், ஆட்டுப்பட்டியில் புகுந்த சிறுத்தையும் அப்படித்தான். பார்ப்பவர்களுக்குப் பேராசை மாதிரி இருக்கும். காட்டில் ஒன்றைப் பிடித்தால் மற்றவை ஓடிவிடும், வேட்டை அங்கே முடிந்துவிடும். கூண்டில் எதுவும் ஓட வழியில்லை, கண்ணெதிரே இரை துடித்துக்கொண்டே இருக்கிறது, வேட்டைக்குணம் நிற்பதற்குக் காரணம் கிடைப்பதில்லை. நரி மிச்சத்தைப் புதைத்து வைத்துப் பின்னால் தின்னும் பழக்கமும் உள்ளது. கூண்டைக் கட்டியவர்கள் நாம்.

பேராசைப்பட்டவன் மாட்டிக்காத கதையே இல்லையா? நிஜத்துல அப்படித்தானே நடக்குது?

இருக்கிறது, ஆனால் பாடப்புத்தகத்தில் கொஞ்சம் அமுக்கி வாசிப்பார்கள். பசு, வெள்ளாடு, செம்மறி மூன்றும் சிங்கத்தோடு கூட்டு சேர்ந்து மான் பிடித்தன. சிங்கம் நாலு பங்கு போட்டது. நான் ராஜா, அதனால் ஒன்று. கூட்டாளி, அதனால் ஒன்று. பலசாலி, அதனால் ஒன்று. நாலாவதைத் தொடுகிறவன் தொட்டுப் பார்க்கட்டும். கதை அங்கேயே முடிகிறது, சிங்கத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்பத்தைப் பங்கு வைக்க வந்த குரங்கு, தராசில் இந்தப் பக்கம் கூட, அந்தப் பக்கம் கூட என்று கடித்துக் கடித்து முழுவதையும் தின்றதே, அதற்கும் தண்டனை இல்லை. இந்தக் கதைகள் பேராசைக்காரனுக்குச் சொன்னவை இல்லை, அவன் பக்கத்தில் உட்காரப் போகிறவர்களுக்குச் சொன்னவை.

இதெல்லாம் ஏழையைப் 'போதும்'னு உட்கார வைக்கிற கதைங்கதானே?

கல்லூரி மாணவி ஒருத்தி கேட்டது. பாதி சம்மதம். வேலைக்காரருக்கு முதலாளி வாத்துக் கதை சொன்னால் எனக்கும் எரிச்சல் வரும். ஆனால் ஈசாப் ஓர் அடிமை என்றுதான் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார், சிங்கத்தின் பங்கை ஒரு அடிமை வாயிலிருந்து கேட்டுப் பாருங்கள். பஞ்சதந்திரமோ ராஜாவின் மூன்று பிள்ளைகளுக்கு விஷ்ணுசர்மா சொன்னதாக அமைந்தது, அதாவது புற்றை உடைக்கும் அதிகாரம் கைக்கு வரப்போகிறவர்களுக்கு. கதையின் அடியில் ஒட்டியிருக்கும் ஒற்றை வரி நீதி பெரும்பாலும் பின்னால் தொகுத்தவர்கள் சேர்த்தது. நான் அந்த வரியைப் படிப்பதே இல்லை.

பெரியவங்க மாட்டுற சீட்டுக் கம்பெனி, ஆன்லைன் ரம்மிக்கெல்லாம் எந்தக் கதை பொருந்தும்?

புலிக் கதை. குளக்கரையில் தர்ப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு கிழட்டுப் புலி, இந்தத் தங்கக் காப்பை வாங்கிக்கொள் என்கிறது. வழிப்போக்கன் உடனே நம்பிவிடவில்லை, கேள்வி கேட்கிறான். புலி, இளமையில் பாவம் செய்தேன், குடும்பம் போனது, இப்போது தானம் செய்கிறேன், பல்லும் நகமும் போய்விட்டது என்று பதில் வைத்திருக்கிறது. குளித்துவிட்டு வந்து வாங்கிக்கொள் என்றதும் இறங்கினான், சேற்றில் மாட்டினான். என் மாமா ஒரு நிதி நிறுவனத்தில் பணம் போட்டபோதும் எல்லாக் கேள்வியும் கேட்டுவிட்டுத்தான் போட்டார், அவர்கள் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தார்கள்.

ரம்மிக்கு 931ஆம் குறள். சூதில் ஜெயித்ததுகூட, தூண்டில் இரும்பை இரை என்று மீன் விழுங்கியதைப் போல என்கிறார். முதல் நாள் வரும் ஐந்நூறு ரூபாய்தான் அந்த முள்.

வாத்தை வெட்டுற இடத்துல பாப்பா அழுறா. மாத்திச் சொல்லலாமா?

தாராளமாக. மாற்றிச் சொல்லக்கூட வேண்டாம், ஜாதகத்தின் பொன்னிறகு அன்னத்தைச் சொல்லுங்கள். முற்பிறவியில் குடும்பத் தலைவனாக இருந்த அன்னம், வறுமையில் இருந்த மனைவி மகள்களுக்கு அவ்வப்போது வந்து ஒரு பொன்னிறகு தரும். ஒருநாள் வராமல் போய்விட்டால் என்ன செய்வது என்று அம்மா எல்லா இறகையும் பிடுங்கிவிடுவாள். விருப்பமில்லாமல் பிடுங்கிய உடனே அவை வெறும் கொக்கு இறகாகிவிடும். அன்னம் பறக்க முடியாமல் கிடந்து, வெள்ளை இறகு முளைத்ததும் போய்விடும். பறவை பிழைத்துவிடுகிறது. இதைச் சொல்லக் காரணமாக அமைந்தது, பூண்டுத் தோட்டத்தில் அளவில்லாமல் அள்ளிக்கொண்டு போன ஒரு பிக்குணி என்பது பெரிய பிள்ளைகளுக்குச் சிரிப்பு வரும் தகவல்.

ஒரே ஒரு கதை சொல்ல நேரம் இருக்கு. எதைச் சொல்ல?

யானைக்குள் போன நரி. செத்த யானையைப் பார்த்த நரி தும்பிக்கையைக் கடித்தது, ஏர்க்கால் மாதிரி இருந்தது. காதைக் கடித்தது, முறம். வயிறு குதிர், கால் உரல், வால் உலக்கை. கடைசியில் பின்பக்கம் மெத்தென்று இருக்க, அப்படியே தின்றுகொண்டே உள்ளே போய்விட்டது. சாப்பாடும் அங்கே, வீடும் அங்கே, இனி வெளியே எதற்கு என்று தங்கிவிட்டது. வெயிலில் தோல் காய்ந்து வழி மூடிக்கொண்டது. நரி இருட்டில் முட்டி மோதியது. ஒருநாள் பெரிய மழை வந்து தோல் ஊறி, வெளிச்சம் தெரிந்த ஓட்டை வழியாக முட்டிக்கொண்டு வெளியே விழுந்தபோது, உடம்பில் ஒரு முடி மிச்சமில்லை.

முறம், உரல், உலக்கை எல்லாம் இப்போது காட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது, வீட்டில் இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மொட்டை நரி வந்ததும் சிரிப்பு நிற்காது. யானைக்குள்ளே அது எப்படி மூச்சு விட்டது என்று யாராவது கேட்பார்கள். போன மாதம் கேட்டவனிடம் தும்பிக்கை வழியாக என்று சொல்லிவிட்டேன்.